திருப்பாச்சேத்தி அரிவாள்: வளைவு, எடை, சூடு

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில் திருப்புவனம் தாண்டி வருகிற ஊர் திருப்பாச்சேத்தி. அங்கே அரிவாள் வாங்க வருகிற விவசாயி, விலை கேட்பதற்கு முன் மூன்று காரியம் செய்வார். பிடியைப் பிடித்துக் காற்றில் ஒருமுறை இறக்கிப் பார்ப்பார். கட்டைவிரலை வாய்க்குக் குறுக்காக வைத்து மெல்ல நகர்த்துவார். பிறகு பிடியை இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். ஓசை நீண்டு அடங்கினால் இரும்பு உள்ளே முழுசாக இருக்கிறது. சட்டென்று செத்துப்போனால் எங்கோ மயிரிழைக் கீறல் இருக்கிறது. இல்லாவிட்டால் பிடி ஆடுகிறது. முதல் சோதனை எடை எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது விளிம்பின் கூர்மையையும் கோணத்தையும் சொல்கிறது. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத உள்குறையை ஓசையால் கண்டுபிடிக்கிறது. ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் சக்கரங்களை நீளச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்களே, அதே தத்துவம்தான்.

இந்த ஊரின் பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது வெட்டுக்குத்துதான். 2005 பொங்கலுக்கு வந்த விஜய் படத்துக்கே 'திருப்பாச்சி' என்று பெயர். சினிமாவும் குற்றச் செய்திகளும் சேர்ந்து இந்தக் கருவியின் மேல் ஒரு கறையைப் பூசிவிட்டன. விறகு வெட்ட, வேலி கட்ட, தென்னை மட்டை இறக்க, இளநீர் சீவ, கருவை அழிக்க என்று அன்றாடம் உழைக்கிற ஒரு கருவியை, அதன் வடிவத்துக்காகவும் திறனுக்காகவும் நிதானமாகப் பார்க்கிற பழக்கமே நமக்கு வராமல் போயிற்று. நல்ல அரிவாளுக்கும் வெறும் பெரிய அரிவாளுக்கும் வித்தியாசம் என்ன என்பது இயற்பியலும் உலோகவியலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

எதை வெட்டுவதற்கு?

வைகைச் சமவெளியில் பத்து மைலுக்கு ஒரு பயிர். சோழவந்தான் பக்கம் வாழை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். மேலூர் பக்கம் பொங்கல் கரும்பு. கிழக்கே மானாமதுரை, பரமக்குடி என்று போகப் போக, கண்ணுக்கு எட்டிய வரை சீமைக்கருவை. வாழைத்தண்டு முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அதற்கு எடை வேண்டாம், மெல்லிய கூர்வாய் போதும். கரும்புக்கு லேசான, அகலமான கத்தி. நாள் முழுக்கக் குனிந்து வெட்டுகிறவருக்கு நூறு கிராம் கூடினாலும் சாயங்காலம் தோள் சொல்லிவிடும். நெல் அறுக்கிற கருக்கரிவாளுக்கு ரம்பம் போலப் பல் உண்டு. அது வெட்டுவதில்லை, இழுத்து அறுக்கிறது. கருவையோ தேக்கைவிடக் கனமான, கடினமான கட்டை. போதாததற்கு உடம்பெல்லாம் முள். அதை வெட்ட எடையும் வேண்டும், எட்டிப் பிடித்து இழுக்க ஒரு வளைந்த மூக்கும் வேண்டும்.

உலகம் முழுவதும் இதே கணக்குதான். லத்தீன் அமெரிக்காவின் மச்செட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள நீளத் தகடு. பச்சைப் புதரையும் கரும்பையும் வேகத்தால் வெட்டுவதற்கானது. அதைக் கொண்டுவந்து கருவைக் கட்டையில் போட்டால் தகடு துள்ளும், கை எரியும். நேபாளத்துக் குக்ரி முன்பக்கம் கனத்து, உள்ளுக்கு வளைந்தது. மலைக்காட்டு விறகுக்குப் பொருத்தம். இங்கிலாந்தின் வேலி வெட்டும் கத்திகளிலும் வட்டாரத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. அவற்றில் பலவற்றை நம் ஊர் அரிவாளின் பக்கத்தில் வைத்தால் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். இலங்கை மலையகத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற தமிழர்களின் கையில் இருக்கும் கவ்வாத்துக் கத்தியும் இந்தக் குடும்பம்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. விரல் தடிமன் கிளையும் மனிதத் தோளும் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன.

வளைவு என்ன செய்கிறது?

அரிவாளை வீசும்போது அது ஒரு வட்டத்தின் வில்லில் பயணம் செய்கிறது. மையம் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மாறிக்கொண்டே இருந்தாலும், வாயின் எந்தப் புள்ளியும் கையிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோட்டுக்குச் செங்குத்தாகவே நகர்கிறது. வாய் அந்தக் கோட்டின் மேலேயே நேராக இருந்தால் கிளையை அது வெறுமனே அழுத்தும். அரிவாளின் முன்பாதி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதனால் அழுத்துகிற அதே கணத்தில் வாய் கிளையின் மேல் இழுபட்டும் போகிறது. தக்காளியை அழுத்தினால் நசுங்கும், கத்தியை இழுத்தால் நறுக்கென்று வெட்டுப்படும் என்பது அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அரிவாளில் அந்த இழுப்பை வடிவமே செய்து கொடுக்கிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டோனி அட்கின்ஸ், வெட்டுதலின் இயந்திரவியலை வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர். 2009இல் அதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். இழுப்பு வேகத்தை அழுத்து வேகத்தால் வகுத்து வரும் எண்தான் முக்கியம் என்பது அவர் காட்டிய வழி. உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வாய் 30 பாகை சாய்ந்திருக்கும்போது தேவையான அழுத்து விசை கால்பங்கு குறைகிறது. 45 பாகை சாய்ந்தால் பாதியாகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டுவதற்கான மொத்த வேலை இதனால் குறைவதில்லை. அழுத்தத்தில் மிச்சமானது இழுப்பில் செலவாகிறது. அப்படியானால் லாபம் என்ன? லாபம் கிளையின் பக்கத்தில் இருக்கிறது. ஆடும் கிளை, தொங்கும் மட்டை, வேலியில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்கொப்பு இவையெல்லாம் அழுத்தினால் வளைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். குறைந்த அழுத்தத்தில் வெட்டுப்பட்டால் வளைவதற்குள் துண்டாகிவிடும். மேலும், முன்சாய்ந்த வாயில் படுகிற கிளை வெளியே வழுக்காமல், வளைவின் அடிவயிற்றை நோக்கி உள்ளேதான் போகும். நேர்வாய்க் கத்தியில் இந்தப் பிடிப்பு கிடையாது. கிளையின் உருண்டை மேல் சறுக்கி, வெட்டு முழங்காலுக்கு வருகிற ஆபத்து அதில் அதிகம்.

ஆனால் தரையில் கிடக்கும் தடித்த கட்டைக்கு இந்த வாதம் பொருந்தாது. அது வளைந்து கொடுக்கப்போவதில்லை. அங்கே வேண்டியது மொத்த ஆற்றல், வளைவு இடைஞ்சல்கூட. மூக்கு தரையில் முட்டும், கல்லில் பட்டு வாய் தெறிக்கும். ஆகவே, என் கணிப்பில், இந்தச் சமவெளிக்கு ஏற்ற ஒரே ஒரு அரிவாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பிடியிலிருந்து பாதி நீளம் ஏறக்குறைய நேராக ஓடி, அதன் பிறகு மட்டும் மெல்ல வளைகிற நடுத்தர வெட்டரிவாளைத்தான் எடுப்பேன். நேர்ப்பகுதி கட்டைக்கு, வளைவு கிளைக்கு, மூக்கு முள்ளை இழுக்க. பிறை போல அழகாக வளைந்தது கடையில் கண்ணைப் பறிக்கும். வயலில் அது ஒரு வேலைக்குத்தான் ஆகும்.

வெட்டு விழும் இடம்

எந்த அரிவாளிலும் ஓர் இடம் உண்டு. அங்கே அடி விழுந்தால் கைக்கு அதிர்ச்சியே வராது; வெட்டு முழுசாக இறங்கும். அதற்கு மேலோ கீழோ பட்டால் பிடி கையில் உதறும். கிரிக்கெட் மட்டையில் பந்து நடுவில் பட்டால் கை உணராது என்று ஆடுகிறவர்கள் சொல்வார்களே, அந்த இடம். இயற்பியலில் இதை அடிமையம் எனலாம். 17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்துக்காகச் செய்த கணக்கு இந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் எளிய வழியை நமக்குக் கொடுத்துவிட்டது. 1673இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருக்கிறது.

வாயைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, பிடியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து அரிவாளைத் தொங்கவிடுங்கள். லேசாக ஆட்டிவிட்டு, போய்த் திரும்பும் பத்து ஆட்டத்துக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். 12 நொடி என்றால், விரல் பிடித்த இடத்திலிருந்து 36 செ.மீ. தள்ளி அடிமையம் இருக்கிறது. ஒரே சீரான 50 செ.மீ. இரும்புக் கம்பியாக இருந்தால் அது 33 செ.மீ.யில் இருக்கும், ஆட்டமும் 11.6 நொடியில் முடியும். அதாவது, முன்பக்கம் கனம் கூடக்கூட அடிமையம் மூக்கை நோக்கி நகர்கிறது. நல்ல வெட்டரிவாளில் இந்த இடமும், வாய் மிக அகலமாகக் கனத்திருக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். எடையைக் குத்துமதிப்பாக முன்னால் தள்ளியிருந்தால் இரண்டும் விலகி நிற்கும். அந்த அரிவாளால் அரை மணி நேரம் வெட்டினால் மணிக்கட்டு வீங்கும்.

எடை எவ்வளவு இருக்கலாம்? வெட்டும் இடத்தில் ஒரு கிலோ நிறை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால் ஆற்றல் 50 ஜூல். எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு; வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. கனத்தை விட வேகம் லாபம் என்று இதிலிருந்து தோன்றும். ஆனால் கை ஓர் அளவுக்கு மேல் வேகமாகப் போகாது. மிக லேசான கத்தியை வீசும்போது கையின் பலத்தில் பெரும்பங்கு கையையே நகர்த்துவதில் வீணாகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு உடம்புக்கும் ஓர் எடை பொருந்தி வரும். கடையில் காற்றில் இறக்கிப் பார்க்கும் அந்த ஒரு வீச்சில் விவசாயி தேடுவது இதைத்தான். இன்னொருவருக்காக அரிவாள் வாங்கிப் போவது நல்லதல்ல என்று நான் நினைப்பதும் இதனால்தான். வயலில் கணிசமான வேலையைச் செய்கிற பெண்களுக்கு ஆண் கைக்கு அளவெடுத்த கருவியைக் கொடுத்துவிடுகிறோம்.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் அடித்த அரிவாளில் முதுகு பிடியருகே தடித்து, மூக்கை நோக்கிப் போகப் போக மெலியும். முதுகிலிருந்து வாய்க்கும் அதே மாதிரி மெலியும். இந்த இரட்டைச் சரிவுதான் பட்டறையின் உழைப்பு. இப்போது சந்தைக்கு வருகிற, தகட்டிலிருந்து இயந்திரத்தில் வெட்டியெடுத்த மலிவு அரிவாள்களில் தடிமன் எங்கும் ஒன்றே. பார்வைக்கு வடிவம் அச்சு அசல். கையில் எடுத்தால் மூக்கு கீழே இழுக்கும். விலையில் இருக்கும் வித்தியாசம் எதற்கு என்று கேட்டால், இந்தச் சரிவுக்குத்தான்.

லாரி பட்டையும் கருவைக் கரியும்

இன்றைய அரிவாளின் பிறப்பிடம் லாரியின் அடிவயிறு. கழித்துப்போட்ட வில்பட்டைகளைத்தான் நம் பட்டறைகள் விரும்பி எடுக்கின்றன. அந்தத் தேர்வு மிகச் சரியானது. பட்டைக்கான எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். வழக்கமான வகைகளில் சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம், மாங்கனீசு ஒரு சதவீதத்துக்குக் கிட்ட. இந்தக் கார்பன் அளவு வாயைக் கடினமாக்கப் போதும். நொறுங்கிப்போகும் அளவுக்கு அதிகமில்லை. சிலிக்கான் எஃகுக்கு வளைந்து மீளும் குணத்தைத் தருகிறது. பள்ளத்தில் விழுந்து எழுகிற லாரிக்கு வேண்டியதும், கட்டையில் விழுந்து எழுகிற அரிவாளுக்கு வேண்டியதும் ஒரே குணம்.

ஒரு குறையும் உண்டு. பட்டை லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்து, சோர்ந்து, நுண்ணிய கீறல்கள் விழுந்து கழிக்கப்பட்டதாக இருக்கலாம். நடுவில் போல்ட் போகும் துளையைச் சுற்றித்தான் ஆபத்து அதிகம். உலையில் காய்ச்சி அடிப்பதால் அந்தக் கீறல் ஒட்டிக்கொள்ளாது. மேலே மூடிக்கொண்டு உள்ளே தங்கும். கவனமுள்ள கொல்லர் அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்கிவிடுவார். முதுகில் தட்டிக் கேட்பதற்கு முழு அர்த்தம் இங்கேதான்.

உலையில் எரிவது கரி. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பெரிய தொழில். நிலக்கரியில் இருக்கும் கந்தகம் சூடான எஃகில் கலந்தால் அடிக்கும்போதே வெடிப்பு விடும். மரக்கரியில் அந்தத் தொல்லை இல்லை. கருவையை வெட்டுகிற அரிவாள், கருவைக் கரியின் சூட்டில்தான் பிறக்கிறது. நிலத்தடி நீரையும் மேய்ச்சலையும் கெடுத்ததாகக் கருவையின் மேல் நமக்குக் கோபம் நிறைய உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அது கைகொடுத்திருக்கிறது.

பட்டறைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தெரிவது இருட்டு. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது உள்ளே கண் பழகவே நேரமாகும். வெயிலுக்கு நிழல் என்பதோடு அந்த இருட்டு முடியவில்லை. அதுதான் அங்கே வெப்பமானி. எஃகு 700 பாகை செல்சியஸ் சுமாரில் மங்கிய சிவப்பு, 800இல் பளிச்சென்ற சிவப்பு, 900ஐத் தாண்டினால் ஆரஞ்சு. அடித்து வடிவாக்க ஆரஞ்சு, மஞ்சள் வரை போகலாம். ஆனால் தோய்ச்சலுக்கு, அதாவது சூடான எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவதற்கு, வேண்டியது 850 பாகையை ஒட்டிய குறுகிய இடைவெளி. நடுப்பகல் வெளிச்சத்தில் 850 பாகை எஃகு கறுத்துத் தெரியும். போதவில்லை என்று நினைத்து இன்னும் சூடேற்றிவிடுவார்கள். அப்படி மிகைச்சூடு பட்ட எஃகில் உள்ளே படிகங்கள் பெருத்துவிடும். அரிவாள் ஒரு நாள் சட்டென்று ஒடியும். ஒடிந்த முகம் மினுமினுவென்று பெரிய மணிகளாகத் தெரியும். சரியான சூட்டில் தோய்ந்தது ஒடிந்தால் முகம் மங்கலாக, மென்மையாக இருக்கும்.

சிவப்பை நம்பாதவர்களுக்குக் காந்தம் உதவும். சூடான இரும்பு 770 பாகைக்கு அருகில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. பியேர் கியூரி 1895இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. காந்தம் ஒட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றி, உடனே தோய்க்கலாம்.

தோய்ச்சலில் நடப்பது அணுக்களின் அடைப்பு. 850 பாகையில் இரும்பின் படிகக் கூடு விரிந்து, கார்பன் அணுக்கள் அதற்குள் தாராளமாகக் கரைந்திருக்கும். மெல்ல ஆறினால் அவை வெளியே வந்துவிடும், எஃகு மென்மையாகும். சட்டென்று குளிர்ந்தால் வெளியேற நேரமில்லை. மாட்டிக்கொண்ட கார்பன் கூட்டை ஒரு பக்கமாக நீட்டி இறுக்குகிறது. அந்த இறுகிய அமைப்புக்கு ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக மார்ட்டென்சைட் என்று பெயர். கடினம், ஆனால் கண்ணாடிக் குணம். அதனால்தான் அரிவாளை முழுசாக முக்காமல் வாயை மட்டும் முக்குகிறார்கள். முக்கும்போது கை ஓரிடத்தில் நிற்காது. அரிவாள் மேலும் கீழுமாக அசைந்துகொண்டே இருக்கும். நீர்மட்டம் ஒரே கோட்டில் நின்றால் கடினமும் மென்மையும் அந்தக் கோட்டில் மோதிக் கீறல் விடும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். சிலிக்கான் மாங்கனீசு எஃகுக்குத் தண்ணீரைவிட எண்ணெய் பத்திரம். தண்ணீரில் தோய்க்கும் பட்டறைகள் நிறைய. அதில் அரிவாள் வெடித்தால் நட்டம் கொல்லருக்கு, வெடித்தது தெரியாமல் போனால் ஆபத்து வாங்கியவருக்கு.

முதுகில் மிச்சமிருக்கும் சூடு இப்போது வாய்க்கு இறங்கி வருகிறது. கல்லில் வேகமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நிறங்கள் ஊர்ந்து வரும்: 230 பாகையில் வைக்கோல் மஞ்சள், 255இல் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். மேலே படியும் ஆக்சைடு படலம் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லியது. அதன் தடிமன் மாற மாற ஒளியின் குறுக்கீட்டால் நிறம் மாறுகிறது. சவரக்கத்தி மஞ்சளில் நிற்க வேண்டும். கட்டை வெட்டும் அரிவாள் ஊதாவைத் தொட்டு நீலத்துக்கு வர வேண்டும். நிறுத்த வேண்டிய கணத்தில் மறுபடியும் ஒரு முக்கு. சில நொடிகளில் முடிந்துவிடும் இந்தத் தீர்மானத்தில்தான் அரிவாளின் ஆயுள் இருக்கிறது. முன்னாடியே நிறுத்தினால் வாய் தெறிக்கும், பிந்தினால் வாய் மடங்கும். சந்தையில் கேட்கும் முதல் கேள்வி 'வாய் மடங்காதுல்ல?' என்பதாக இருப்பது தற்செயல் அல்ல. மடங்கிய வாயைத் தட்டி நிமிர்த்தித் தீட்டிவிடலாம், தெறித்ததை அரைத்துத்தான் தீர வேண்டும். ஆகவே, இரண்டில் ஒன்று என்றால், கொஞ்சம் மடங்குகிற அரிவாளே மேல்.

திருப்பாச்சேத்தி இருக்கும் அதே திருப்புவனம் வட்டத்தில்தான் கீழடியும் இருக்கிறது. அங்கே அகழாய்வில் இரும்புப் பொருட்கள் கிடைத்துள்ளன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை பின்னே போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரி 23 அன்று வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கொடுமணலும் மேல்சிறுவலூரும் மூசையில் உருக்கிய உயர்கார்பன் எஃகுக்குப் பெயர்போன இடங்கள். அந்த வகை எஃகை மைக்கேல் ஃபாரடே 1819இலேயே லண்டனில் வைத்து ஆராய்ந்தார். இந்தப் பெருமை எல்லாம் நமக்கு உரியதுதான். ஆனால் அந்த உருக்கு எஃகில் கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல். வாளுக்கு அது புகழ் சேர்த்தது. கருவைக் கட்டையில் நாள் முழுக்க அடிபட, கழித்துப்போட்ட லாரி பட்டைதான் பொருத்தம். முன்னோர் பெருமையைக் காட்டி அரிவாள் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

கருப்பசாமியும் ஆயுத விதியும்

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னிதியில் ஆளுயர அரிவாள்களைப் பார்க்கலாம். நேர்த்திக்கடனாக வருகிறவை. கொல்லர் அவற்றிலும் பக்தியோடுதான் வேலை செய்கிறார். வளைவு பெரிது, மூக்கு பெரிது, கம்பீரம் பெரிது. அவை வெட்டுவதற்கு வரவில்லை, நிற்பதற்கு வந்தன. தோய்ச்சல் அங்கே அவசியமில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், கோயில் அரிவாளின் அளவை மனதில் வைத்துக்கொண்டு வயலுக்கு அரிவாள் கேட்கும்போது. ஒன்றரை அடிக்கு மேல் போகும் ஒவ்வொரு அங்குலமும் மரவேலையில் கட்டுப்பாட்டைக் குறைக்கிறது. வெட்டு தவறும்போது மூக்கு எங்கே போகும் என்று தெரியாது.

சட்டமும் வடிவத்தைத்தான் பார்க்கிறது. வாய் 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகளை ஆயுத விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காக வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. எந்த வெட்டரிவாளும் அந்த அளவுகளைச் சுலபமாகத் தாண்டும் என்பதால், விவசாயியைக் காப்பாற்றுவது 'வடிவமைத்த நோக்கம்' என்ற அந்த வாசகம்தான். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, அரிவாள் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அது சரியான நடவடிக்கை என்றே நினைக்கிறேன். பதிவேடு இருந்தால் நேர்மையாகத் தொழில் செய்யும் பட்டறைக்கும் அது பாதுகாப்பு.

பிடி

இவ்வளவு நுட்பமாக இரும்பைச் செய்துவிட்டு, பிடியில் கோட்டை விடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய மனக்குறை. பல அரிவாள்களில் இரும்பின் வாலைப் பழுக்கக் காய்ச்சி, கடைந்த உருண்டை மரத்துக்குள் அடித்து இறக்கி, வாயில் ஒரு பூண் போட்டு முடித்துவிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் மதுரை 40 பாகையைத் தாண்டும்போது மரம் உலர்ந்து சுருங்கும். சூடு பட்டுக் கரிந்த துளைச் சுவர் ஏற்கெனவே பலவீனம். வால் ஆட ஆரம்பிக்கும். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவார்கள். ஊறிய ஈரம் உள்ளே வாலைத் துருப்பிடிக்க வைத்து அடுத்த வருடம் இன்னும் ஆடும். வீச்சின் நடுவில் இரும்பு மட்டும் பறந்து போவதற்கு வழி இதுதான்.

உருண்டைப் பிடிக்கு இன்னொரு குறை, வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உள்ளங்கைக்குச் சொல்லாது. வியர்த்த கையில் ஐந்து பாகை திரும்பினாலும் வெட்டு கோணலாகி, வாய் பக்கவாட்டில் முறுக்குப்படும். பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே வாயின் திசையை உணரலாம். முனை சற்றுப் பருத்திருந்தால் கை வழுக்காது. வால் பிடியின் முழு நீளத்துக்கும் ஓடி, இருபுறமும் மரத்துண்டு வைத்து மூன்று ஆணி அறைந்தால் கழன்று விழும் பேச்சே இல்லை. இரும்புக் குழாயையே பிடியாக வைப்பது பலம்தான். ஆனால் வெயிலில் சுடும், அதிர்ச்சியை அப்படியே கைக்குக் கடத்தும். அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்றிக்கொள்வது நம் ஆட்கள் கண்டுபிடித்த நல்ல வைத்தியம்.

இவை எதுவும் செலவு பிடிக்கிற மாற்றங்கள் அல்ல. இரும்பை அளந்து பார்ப்பதும் அப்படித்தான். கடினத்தை அளக்கும் ராக்வெல் கருவி பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கிறது. மதுரையில் 1957இலிருந்து தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருப்பாச்சேத்தி அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் வரும் ஊர். பட்டறைக்கு ஒன்றாகச் சில அரிவாள்களை வாங்கி, வாயில் 50 முதல் 55 வரை ராக்வெல் இருக்கிறதா, முதுகு அதைவிட மென்மையாக இருக்கிறதா, அடிமையம் எங்கே விழுகிறது, எண்ணெயில் தோய்த்ததும் தண்ணீரில் தோய்த்ததும் எத்தனை வெட்டில் மழுங்குகின்றன என்று இறுதியாண்டு மாணவர்கள் ஒரு பருவத்தில் அளந்துவிடலாம். அந்த அட்டவணையின் ஒரு நகல் ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் தமிழில் தொங்க வேண்டும். கூடவே, ஆண் கை, பெண் கை இரண்டுக்கும் அளவெடுத்த முட்டை வடிவப் பிடியின் மாதிரி ஒன்று, தச்சர் பார்த்துச் செதுக்கும்படி, கொல்லரின் கையில் இருக்க வேண்டும்.